தலைக்கு மேல் அறுபது

ஹெதர்ஷா, யார்க்‌ஷயர்
மார்ச் 25

அன்புள்ள அண்ணனுக்கு,

தீவு போய்ச் சேர்ந்துவிட்டதாக நீ போட்ட கார்டு கிடைத்தது. இருமல் குறைந்ததா? கப்பலின் மேல்தளத்தில் நின்றபடியேதான் போயிருப்பாய், சொன்னால் கேட்கிற ஆளா நீ. நான் நன்றாக இருக்கிறேன். படிக்கட்டைக் கண்டால் முழங்கால் முனகுகிறது, அவ்வளவுதான். இந்த வாரம் பதினேழு வீடுகளுக்குப் போய் வயதானவர்களுக்கு நகம் வெட்டி, கால் பார்த்தேன். ஊரில் எல்லாருக்கும் ஒரே சமயத்தில் நகம் வளர்கிறது போலிருக்கிறது.

போனில் சொன்னால் உன் காதுக்கருவி விசிலடிக்கும், நீயும் 'சரி சரி' என்று வைத்துவிடுவாய். அதனால் எழுதுகிறேன்.

நேற்று போலீஸ் கேமரா அலுவலகத்திலிருந்து என் பெயருக்கு ஒரு நோட்டீஸ் வந்தது. மார்ச் 4, மாலை 4.51. லீட்ஸிலிருந்து மேற்கே வரும் மோட்டார்வேயில், நம் ஊருக்குப் பிரிந்து இறங்கும் இறக்கத்துக்கு முந்தைய மின்பலகைக்கு அடியில், வரம்பு நாற்பது மைலாக இருந்தபோது என் நீலக் கார் ஐம்பத்தெட்டில் போனதாம். நெரிசலைப் பார்த்து அறுபது, ஐம்பது, நாற்பது என்று வரம்பை மாற்றிக்கொண்டே இருப்பார்களே, அந்தப் பலகை.

அன்று நீ உன் சிநேகிதன் ட்ரெவர் ஆக்டனை ஆஸ்பத்திரியில் பார்க்கக் காரை எடுத்துப் போனாய். நான் வீட்டில் ஓய்ந்து கிடந்தேன்.

உன்மேல் எனக்குக் கோபமில்லை, ஆச்சரியம்தான். முப்பத்தொரு வருடம் லைசென்ஸ் பரீட்சை நடத்தியவன் நீ. கண்ணாடியைப் பார்க்காமல் திரும்பினார் என்று பாதிரியாரையே ஃபெயில் ஆக்கியவன். வேகமாகப் போயிருப்பாய் என்று நினைக்கவே வரவில்லை.

ஓட்டியவரின் பெயர், விலாசம், லைசென்ஸ் நம்பர் மூன்றையும் இருபத்தெட்டு நாளுக்குள் எழுதி அனுப்பச் சொல்கிறார்கள். முதல் இரண்டும் எனக்குத் தெரியும். நம்பரை மட்டும் அனுப்பு.

கம்பளிச் சட்டையைப் போட்டுக்கொள். கோழிகளுக்கு என் விசாரிப்பு.

உன் தங்கை
ரோவீனா


ஸ்கார்வே தீவு, ஆர்க்னி
ஏப்ரல் 2

அன்புத் தங்கைக்கு,

நேற்றைய கப்பலில் உன் கடிதம் வந்தது. இருமல் போன இடம் தெரியவில்லை. உன் முழங்காலுக்குச் சூடான துணி கட்டு. மற்றவர்கள் காலையெல்லாம் பார்க்கிறவள் உன் காலைப் பார்ப்பதில்லை.

இங்கே நான்கு நாளாகக் காற்று. கோழிக்கூட்டின் கூரை பக்கத்து வயலுக்குக் குடிபோய்விட்டது. திரும்பக் கொண்டுவந்து ஆணி அடித்தோம். பக்கத்துப் பண்ணை மேக்னஸின் ஆடு இரட்டைக் குட்டி போட்டிருக்கிறது. கூப்பிட்டுக் காட்டினான். "ரெண்டும் உன்ன மாதிரியே மூஞ்சியத் தூக்கி வச்சிட்டு நிக்குது பாரு. தப்புக் கண்டுபிடிக்கப் பொறந்ததுங்க" என்றான். அவற்றுக்குப் பரீட்சை, ரிசல்ட் என்றே பெயர் வைத்துவிட்டான்.

நோட்டீஸ் விஷயம். குற்றம் நடந்ததாகச் சொல்லும் நாளிலிருந்து பதினாலு நாளுக்குள் கார் சொந்தக்காரர் கைக்கு வந்திருக்க வேண்டும். நான்காம் தேதிக்கு இருபத்துநான்காம் தேதி வந்தால் அது இருபது நாள். செல்லாது. அடுப்பில் போட்டுக் குளிர்காய்.

ட்ரெவர் எழுந்து உட்கார்ந்து கஞ்சியைக் குறை சொல்கிறானாம். அப்படியென்றால் பிழைத்துவிட்டான்.

உடம்பைப் பார்த்துக்கொள்.

நெவில்


ஹெதர்ஷா
ஏப்ரல் 7

அன்புள்ள அண்ணனுக்கு,

நீ நலம் என்று அறிந்து மகிழ்ச்சி. சூடான துணி கட்டினேன், முழங்காலுக்குப் பிடித்திருக்கிறது.

நோட்டீஸை அடுப்பில் போடவில்லை. வியாழக்கிழமைகளில் நம் நூலகத்தில் இலவசமாகச் சட்டம் சொல்ல ஒரு வக்கீல் வந்து உட்காருகிறாள். மிஸ் அடெயெமி என்று பெயர், முப்பது வயது இருக்கும். உறையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"உங்க விலாசம் மாறலியே?"

"இருபத்திரெண்டு வருஷமா அதே கதவு, அதே பெயிண்ட்."

"அப்ப லேட்டா வந்தது உங்களுக்குச் சாதகம்தான். இந்த உறையப் பத்திரமா வைங்க, முத்திரைல தேதி இருக்கு. ஆனா அது வேற, இது வேற. யார் ஓட்டுனதுன்னு கேட்டா சொல்லித்தான் ஆகணும். சொல்லலேன்னா அதுக்குத் தனியா உங்க லைசென்ஸ்ல ஆறு தண்டனைப் புள்ளி ஏறும். பன்னெண்டு ஆனா லைசென்ஸே போயிரும், தெரியும்ல?"

தெரியும் என்றேன். பரீட்சை அதிகாரியின் தங்கைக்கு அது தெரியாமல் இருக்குமா. ஆறு புள்ளி ஏறினால் என் கார் காப்பீடு என்ன ஆகும், கார் இல்லாமல் நான் எப்படி வீடு வீடாகப் போய்க் கால் பார்ப்பேன் என்பதெல்லாம் உனக்குத் தெரியும்.

மூன்று பக்கம் எழுதினாய். ஆட்டுக்குட்டிகளின் பெயரைக்கூடச் சொன்னாய். நான் கேட்டது ஒரு நம்பர். ஏப்ரல் 21 கடைசி நாள்.

அன்புடன்
ரோவீனா


ஸ்கார்வே
ஏப்ரல் 12

அன்புத் தங்கைக்கு,

நலமே. காற்று நின்றுவிட்டது. உருளைக்கிழங்கு நட நிலத்தைக் கொத்தினேன், இடுப்பு பிடித்துக்கொண்டது, விட்டது.

அந்தப் பலகையைப் பற்றிச் சொல்கிறேன், கேள். கணவாய் தாண்டியதும் முதல் பலகை, அறுபது. இரண்டாவது பலகை, அறுபது. அதற்கடுத்தது நம் ஊர் இறக்கத்துக்கு முந்தையது. சிவப்பு வளையத்துக்குள் அறுபது என்று தெளிவாக இருந்தது. ஐம்பத்தெட்டில் போகிற வண்டி ஐம்பத்தெட்டிலேயே அதன் அடியில் போனது. மின்னல் மாதிரி ஒரு வெளிச்சம் பின்னால் அடித்தது. கேமரா பின்பக்கத்து வண்டியைப் பிடிக்கிறது என்றுதான் யாரும் நினைத்திருப்பார்கள். இறக்கத்துக்கு வந்தபோது அடுத்த பலகையில் நாற்பது இருந்தது. அங்கே வேகம் குறைந்தது.

ஆகையால் இது அநியாயமான நோட்டீஸ். ஆனாலும் எல்லா அநியாயத்தோடும் மல்லுக்கட்டிக்கொண்டிருக்க முடியாது. உன் லைசென்ஸில் முப்பத்தெட்டு வருடமாக ஒரு கறையும் இல்லை. அப்படிப்பட்டவர்களைப் பெரும்பாலும் ஒருநாள் சாலைப் பாதுகாப்பு வகுப்பில் உட்கார வைத்து, டீ கொடுத்து அனுப்பிவிடுகிறார்கள். புள்ளிகூட ஏறுவதில்லை. உனக்கென்றால் அவ்வளவோடு முடிந்துவிடும் காரியம்.

கோழிகள் முட்டையிடத் தொடங்கிவிட்டன.

நெவில்


ஹெதர்ஷா
ஏப்ரல் 15

நெவிலுக்கு,

உன் கடிதத்தை இரண்டு தரம் படித்தேன். கடைசியிலிருந்து இரண்டாவது பத்தியை நான்கு தரம் படித்தேன்.

நான் ஓட்டியதாக எழுதச் சொல்கிறாயா? அப்படி நீ எழுதவில்லை. எழுதாமலே கேட்டிருக்கிறாய். அப்படி எழுதிக் கொடுத்தவர்கள் சிறைக்குப் போயிருக்கிறார்கள் என்பதை எனக்குச் சொன்னவன் நீதான். பதினைந்து வருடத்துக்கு முன்னால், இதே சமையலறையில்.

சிறைக்காக மட்டும் சொல்லவில்லை. எனக்கு ஒரு அண்ணன் இருக்கிறான். அவனிடம் பாதிரியாரும் ஒன்று, பால்காரரும் ஒன்று. அந்த அண்ணனை வைத்துக்கொண்டு நான் இந்த ஊரில் நிமிர்ந்து நடந்திருக்கிறேன். அவனை என்னிடமிருந்து எடுத்துக்கொள்ள உனக்கு உரிமையில்லை.

படிவத்தில் உன் பெயரையும் விலாசத்தையும் எழுதி, நம்பர் இடத்தைக் காலியாக விட்டு, இன்று காலை பதிவுத் தபாலில் அனுப்பிவிட்டேன்.

நீ உடல்நலத்தோடு இருக்க வேண்டும் என்பதில் மாற்றமில்லை.

ரோவீனா


ஸ்கார்வே
மே 13

அன்புத் தங்கை ரோவீனாவுக்கு,

நான்கு வாரமாக உனக்கு எழுதவில்லை. உடம்புக்கு ஒன்றுமில்லை. எழுத உட்காருவேன், தேதி போடுவேன், எழுந்துவிடுவேன். தேதி மட்டும் போட்ட ஏழு தாள் மேசையில் கிடக்கின்றன. நீ நலமா?

முதலில் அந்தப் பத்தி. அதை எழுதியது நான். எந்தச் சாக்கும் இல்லை. நீ புரிந்துகொண்டதும் சரி, அனுப்பியதும் சரி.

மார்ச் 4ஆம் தேதி உன் காரை ஓட்டியது நான். இவ்வளவு கடிதத்தில் 'நான் ஓட்டினேன்' என்ற இரண்டு சொல்லை எழுதாமல் எப்படிச் சுற்றி வந்தேன் என்று இப்போது நானே படித்துப் பார்க்கிறேன். 'வண்டி போனது', 'வேகம் குறைந்தது'. வண்டி தானாகவே போன மாதிரி.

நம்பர் ஏன் அனுப்பவில்லை என்றால், அந்த நம்பர் அன்றைக்குச் செத்த நம்பர். போன நவம்பரில் எனக்கு எழுபது முடிந்தது. எழுபதில் லைசென்ஸ் தானாகக் காலாவதியாகும். புதுப்பிக்க ஒரு படிவம் வரும். வந்தது. கண் தெரிகிறதா, தலை சுற்றுகிறதா, மயக்கம் உண்டா என்று வரிசையாகக் கேள்விகள். 'அதோ நிக்குதே அந்தக் காரோட நம்பரப் படிங்க' என்று எத்தனை ஆயிரம் பேரிடம் கேட்டிருப்பேன். அதையே ஒரு காகிதம் என்னிடம் கேட்டபோது பொறுக்க முடியவில்லை. மேசை இழுப்பறையில் போட்டு மூடினேன்.

அது கர்வம் மட்டும் என்றால்கூட உன்னிடம் சொல்லியிருப்பேன். பயமும் இருந்தது. கண் மங்குகிறதோ என்று சந்தேகம். இந்தத் தீவில் மொத்தம் முப்பத்தொரு வண்டி, எல்லா நம்பரும் எனக்கு மனப்பாடம். எதைப் படித்துக் கண்ணைச் சோதிப்பது? சோதிக்காமல் இருந்தால் கண் நன்றாகவே இருக்கும் என்று இருந்துவிட்டேன். வேறு யாராவது பரீட்சைக்கு வந்து இப்படிச் சொல்லியிருந்தால் காரை விட்டு இறங்கச் சொல்லியிருப்பேன்.

உன் கடிதம் வந்த மறுவாரம் கப்பலேறிக் கிர்க்வால் டவுனுக்குப் போய்க் கண் டாக்டரைப் பார்த்தேன். சின்னப் பெண். கடைசி வரிசைவரை படிக்கவைத்துவிட்டு, "எதுக்கு இவ்ளோ நாள் வராம இருந்தீங்க? இந்தக் கண்ணோட இன்னும் பத்து வருஷம் ஓட்டலாம்" என்றாள். வெளியே வந்து துறைமுகச் சுவரில் வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன்.

புதுப்பிக்கும் படிவத்தை அனுப்பிவிட்டேன். போலீஸுக்கும் எழுதினேன்: ஓட்டியது நான், அன்று என்னிடம் செல்லுபடியான லைசென்ஸ் இல்லை, அதற்கு நான் குற்றவாளி, ஆனால் வேக வரம்பை மீறவில்லை, பலகையில் அறுபது இருந்தது. லைசென்ஸைப் பற்றி அவர்கள் கேட்கவில்லை. கேட்கும்வரை காத்திருக்க எனக்கு இஷ்டமில்லை.

உன் காரை உன்னிடம் சொல்லாமல் அப்படி ஓட்டியதற்கு மன்னித்துவிடு.

உன் அண்ணன்
நெவில்


ஹெதர்ஷா
மே 21

அன்புள்ள அண்ணனுக்கு,

நான் நலம். உன் கண் நலம் என்று அறிந்து என் வயிற்றில் பால் வார்த்த மாதிரி இருந்தது. மன்னிப்பைப் பற்றி இனிப் பேச வேண்டாம். கடிதத்தை என் பைபிளுக்குள் வைத்திருக்கிறேன்.

இப்போது வேறு ஒன்று சொல்ல வேண்டும். போன திங்கட்கிழமை மஹ்மூத் அம்மாளுக்குக் கால் பார்க்கப் போனேன். அவர் மகன் ஷபீர், நாற்பத்தாறு வயது, டாக்ஸி ஓட்டுகிறவர், பட்டப்பகலில் வீட்டில் உட்கார்ந்து பட்டாணி உரித்துக்கொண்டிருந்தார். வாசலில் டாக்ஸிக்குத் தார்ப்பாய் போர்த்தியிருந்தது.

"வண்டி ரிப்பேரா?" என்று கேட்டேன்.

"வண்டி நல்லாருக்குங்க. எனக்குத்தான் ரிப்பேர். லைசென்ஸ் போச்சு, ஆறு மாசத்துக்கு. நகராட்சில டாக்ஸி பேட்ஜையும் வாங்கிட்டாங்க."

"என்ன ஆச்சு?"

"ஏற்கெனவே ஒம்பது புள்ளி இருந்துச்சு. அந்த ஒம்பதும் என் தப்புதான், அத மறைக்க மாட்டேன். ஆனா கடைசி மூணு என்னுது இல்ல. ஜனவரி மாசம் நம்ம இறக்கத்துக்கு முந்தின பலகை. மேல அறுபது போட்டிருந்துச்சு. கேமரா நாப்பதுங்குது."

என் கையிலிருந்த நகவெட்டி நின்றுவிட்டது. கோர்ட்டில் அதைச் சொன்னீர்களா என்று கேட்டேன்.

"எப்படிங்க சொல்றது? அது மெஷினு, நான் டாக்ஸிக்காரன். யாரு பேச்ச எடுப்பாங்க? குற்றம்னு ஒத்துக்கிட்டேன்."

மஹ்மூத் அம்மாள் கட்டிலிலிருந்தே, "பொய் சொல்லத் தெரியாதவன். உண்மையச் சொல்லவும் தெரியல பாரு" என்றார்.

வீட்டுக்கு வந்து ஒரு சீட்டு எழுதினேன். 'அந்தப் பலகையில் பிடிபட்டவர்கள் இருந்தால் ரோவீனா சட்க்ளிஃபைப் பார்க்கவும்.' ரொட்டிக்கடை ஜன்னலிலும் நூலகத்திலும் ஒட்டினேன். மூன்றே நாளில் ஏழு பேர் வந்தார்கள். ஒரு பல் டாக்டர், ஒரு பள்ளிக்கூட டீச்சர், பூக்கடைத் தம்பதி, இன்னும் யார் யாரோ. எல்லாம் அதே பலகை. எல்லாம் மாலை நெரிசலில் வரம்பு மாறுகிற நேரம். எல்லாம் ஜனவரி பாதிக்குப் பிறகு.

நீ ஒருவன் சொன்னபோதே நம்பினேன். இப்போது எட்டுப் பேர் சொல்கிறார்கள்.

உடம்பைப் பார்த்துக்கொள். இடுப்பை வளைத்து நிலம் கொத்தாதே.

ரோவீனா


ஸ்கார்வே
ஜூலை 19

அன்புத் தங்கைக்கு,

இங்கே நலம். உருளைக்கிழங்கு பூத்திருக்கிறது. உன் சீட்டுக்கு இப்போது பதினாலு பேர் சேர்ந்துவிட்டார்கள் என்று எழுதியிருந்தாய். பரீட்சை நடத்திய காலத்தில்கூட என்னைத் தேடி இவ்வளவு பேர் வந்ததில்லை.

இரண்டு செய்தி. லைசென்ஸ் இல்லாமல் ஓட்டியதற்குத் தபாலிலேயே குற்றத்தை ஒப்புக்கொண்டேன், அபராதம் போட்டார்கள், கட்டிவிட்டேன். அது முடிந்தது. புது லைசென்ஸும் வந்துவிட்டது. படத்தில் நான் யாரையோ ஃபெயில் ஆக்கப்போகிறவன் மாதிரி இருக்கிறேன் என்று மேக்னஸ் சொல்கிறான்.

இரண்டாவது, அரசு வக்கீல் அலுவலகத்திலிருந்து கடிதம். நோட்டீஸ் பதினாலு நாளுக்குள் சேரவில்லை என்பது உறையால் தெரிவதால், வேக வழக்கை நிறுத்திக்கொள்கிறார்களாம். நான் கோர்ட்டுக்கு வரவேண்டியதில்லை.

அதைப் படித்துவிட்டு டீ போட்டுக் குடித்தேன். மறுபடி படித்தேன். பலகையில் என்ன இருந்தது என்பதைப் பற்றி அதில் ஒரு வார்த்தை இல்லை. நான் தப்பித்தது தபால் தாமதத்தால். ஷபீருக்கு நோட்டீஸ் பதினோராம் நாளே வந்துவிட்டது என்றாயே. அந்த டீச்சருக்கு ஒன்பதாம் நாள். தாமதம் என் ஒருவனைத்தான் காப்பாற்றும். பலகையில் இருந்த அறுபது எல்லாரையும் காப்பாற்றும்.

கடிதத்தின் அடியில் சின்ன எழுத்தில் ஒரு வரி இருந்தது. நிறுத்தப்பட்ட வழக்கைத் தொடரும்படி குற்றம் சாட்டப்பட்டவரே முப்பத்தைந்து நாளுக்குள் கேட்கலாம். கேட்டுவிட்டேன். கடிதம் இந்தக் கடிதத்தோடு ஒரே கப்பலில் போகிறது. அந்தப் பலகை என்ன காட்டியது, கேமரா எப்போது படமெடுத்தது என்ற பதிவுகளையும் கோர்ட்டுக்குக் கொண்டுவரச் சொல்லி எழுதியிருக்கிறேன்.

தோற்றால் எனக்குப் புள்ளி, செலவு, உள்ளூர்ப் பத்திரிகையில் என் பெயர். லைசென்ஸ் விஷயமும் அதில் வரும். உனக்கும் தலைகுனிவு. உன்னைக் கேட்டுவிட்டுத்தான் செய்திருக்க வேண்டும்.

நெவில்


ஹெதர்ஷா
ஜூலை 24

அன்புள்ள அண்ணனுக்கு,

'அட முட்டாளே' என்று எழுதி, அந்தத் தாளைக் கிழித்துவிட்டு இதை எழுதுகிறேன்.

மிஸ் அடெயெமியிடம் காட்டினேன். நாற்காலியைப் பின்னுக்குத் தள்ளிவிட்டு என்னைப் பார்த்தாள். "விட்டுட்டோம்னு சொன்ன வழக்கத் திருப்பிக் குடுங்கன்னு கேட்டிருக்காரா? அப்படி ஒரு சட்டம் இருக்குன்னு பரீட்சைக்குப் படிச்சேன். யாரும் பயன்படுத்தி நான் பாத்ததில்ல." பிறகு, "எனக்கு ஃபீஸ் வேண்டாம், நான் வந்து நிக்கிறேன்" என்றாள்.

நானும் சாட்சி. நோட்டீஸ் எப்படி வந்தது, மற்றவர்கள் எப்படி வந்தார்கள் என்று சொல்ல வேண்டுமாம்.

மாடி அறைக்குப் புதுத் திரை தைக்கிறேன். நல்ல கோட்டைத் தூசி தட்டிக் கொண்டுவா. காதுக்கருவிக்கு மாற்று பேட்டரி எடுத்துக்கொள். வேறொன்றும் சொல்வதற்கில்லை.

ரோவீனா


ஸ்கார்வே
அக்டோபர் 14

அன்புத் தங்கைக்கு,

பத்திரமாக வந்து சேர்ந்தேன். கடல் அமைதியாக இருந்தது. நீ கட்டிக்கொடுத்த இஞ்சி கேக்கில் பாதியைக் கப்பல் ஊழியர்கள் தின்றார்கள், பாதியை மேக்னஸ்.

கோர்ட்டிலிருந்து வெளியே வந்ததும் நீ 'உள்ள என்ன நடந்துச்சு?' என்று கேட்டாய். 'சரியாப் போச்சு' என்று சொல்லிவிட்டு ரயிலுக்குக் கிளம்பிவிட்டேன். வழியெல்லாம் அது உறுத்திக்கொண்டே வந்தது. சாட்சி சொல்லும்வரை உன்னை வராந்தாவில் உட்கார வைத்துவிட்டார்கள், கடைசியில் உன்னைக் கூப்பிடத் தேவையே இல்லாமல் போனது. ஆகவே நடந்ததைச் சொல்லக் கடமைப்பட்டிருக்கிறேன்.

அரசு வக்கீல் எழுந்ததுமே, நோட்டீஸ் தாமதமானதால் வழக்கைக் கைவிட அனுமதி வேண்டும் என்றார். மூன்று நீதிபதிகளில் நடுவில் இருந்த அம்மாள் வெள்ளை முடி, மெல்லிய குரல். "குற்றம் சாட்டப்பட்டவரே விசாரிக்கச் சொல்றாரு. பதிவெல்லாம் கொண்டு வந்திருக்கீங்களா, இல்லியா?" என்று கேட்டார். கொண்டுவந்திருந்தார்கள். "அப்ப விசாரிப்போம்" என்றார்.

என்னைக் கூண்டில் ஏற்றினார்கள். அரசு வக்கீலின் முதல் கேள்வியே, "அன்னைக்கு உங்ககிட்ட லைசென்ஸே இல்லதான?"

"இல்ல. அதுக்குத் தண்டனை வாங்கிட்டேன். இப்ப பலகையப் பத்திப் பேசுவோம்."

"முப்பத்தொரு வருஷம் லைசென்ஸ் பரீட்சை நடத்துனவரு லைசென்ஸ் இல்லாம ஓட்டலாமா?"

"கூடாது. அதனாலதான் நானே எழுதிக் குடுத்தேன்."

அவர் உட்கார்ந்துவிட்டார். பிறகு பலகைகளைப் பராமரிக்கும் பிரிவிலிருந்து வந்த தொழில்நுட்ப ஆள். பாவம், நேர்மையானவர். கையில் தாளை வைத்துக்கொண்டு நின்றார். மிஸ் அடெயெமி கேட்டாள். "நாற்பதுக்கு மாத்தச் சொல்லி உத்தரவு எப்ப போச்சு?"

"4.51, எட்டாவது வினாடி. பலகைக்கும் கேமராவுக்கும் சேர்த்து."

"பலகைல நாற்பது எப்ப எரிஞ்சது?"

"முப்பத்தோராவது வினாடி."

"கேமரா எப்ப படம் எடுத்தது?"

அவர் தாளை ஒருமுறை பார்த்தார். "இருபத்திரெண்டாவது வினாடி."

"வரம்பு மாறுனா, ஓட்டுறவங்க பாத்துக் குறைக்கிறதுக்குக் கேமரா கொஞ்ச நேரம் காத்திருக்கணும்ல?"

"ஒரு நிமிஷம் காத்திருக்கணுங்க. ஜனவரில அந்தப் பலகைய ரிப்பேர் பண்ணப்போ அந்தக் காத்திருப்பு நேரம் அழிஞ்சிருச்சு. மறுபடி யாரும் வைக்கல. போன வாரம் இந்தப் பதிவ எடுக்கறப்பதான் நானே பாத்தேன்."

நடுவிலிருந்த அம்மாள் மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். "எனக்குப் புரியற மாதிரி ஒண்ணே ஒண்ணு சொல்லுங்க. படம் எடுத்த நேரத்துல இவரு தலைக்கு மேல என்ன எரிஞ்சுது?"

"அறுபதுங்க."

அந்த ஒரு சொல்லைக் கேட்கத்தான் ஐந்நூறு மைல் வந்தேன். காதுக்கருவி விசிலடிக்கவில்லை. தெளிவாகக் கேட்டது.

குற்றமற்றவன் என்று தீர்ப்புச் சொன்னார்கள். வக்கீலைப் பார்த்து, "இதே பலகைல ஜனவரியிலேருந்து எத்தன பேருக்கு நோட்டீஸ் போயிருக்கு?" என்று அந்த அம்மாள் கேட்டார். கணக்கு எடுக்கவில்லை என்றார் வக்கீல். "எடுங்க" என்றார். அவ்வளவுதான்.

ஏன் இதையெல்லாம் அன்றே சொல்லவில்லை என்று கேட்பாய். கதவைத் திறந்து வந்தபோது நீ எழுந்து நின்ற விதத்தைப் பார்த்தேன். ரயிலைச் சாக்காகச் சொன்னேன். ரயிலுக்கு இன்னும் ஒன்றரை மணி நேரம் இருந்தது என்பதை இப்போது ஒப்புக்கொள்கிறேன்.

உன் அண்ணன்
நெவில்


ஹெதர்ஷா
நவம்பர் 20

அன்புள்ள அண்ணனுக்கு,

நான் நலம். உனக்கு எழுபத்தொன்று ஆனதற்கு வாழ்த்து. சாக்ஸ் தனிப் பொட்டலத்தில் வருகிறது.

கணக்கு எடுத்துவிட்டார்கள். ஜனவரியிலிருந்து அந்தப் பலகையில் பிடிபட்டவர்கள் அறுநூற்றுப் பன்னிரண்டு பேர். எல்லா வழக்கையும் திறந்து பார்க்கிறார்கள். ஷபீரின் வழக்கைப் போன செவ்வாய்க்கிழமை கோர்ட்டே ரத்து செய்தது. புள்ளி மூன்றும் போய்விட்டது, பேட்ஜும் கைக்கு வந்துவிட்டது. வெள்ளிக்கிழமை மஹ்மூத் அம்மாளின் கால் பார்க்கப் போனபோது டாக்ஸி இல்லை, தார்ப்பாய் மட்டும் மடித்துக் கிடந்தது. "ஏர்போர்ட்டுக்குச் சவாரி போயிருக்கான்" என்று சொல்லிவிட்டு அந்த அம்மாள் என் கையைப் பிடித்துக்கொண்டே இருந்தார். இன்னொரு காலை நான் பார்ப்பதற்கு அரை மணி ஆயிற்று.

நீ உள்ளே நடந்ததைச் சொன்னாய். வெளியே நடந்தது உனக்குத் தெரியாது. அதையும் சொல்லிவிடுகிறேன்.

வராந்தாவில் நான், ஷபீர், பல் டாக்டர், பூக்கடைக்காரர்கள் என்று ஒன்பது பேர் உட்கார்ந்திருந்தோம். கதவருகே கோர்ட்டுச் சேவகி ஒருத்தி, கறுப்பு அங்கி, ஐம்பது வயது. உள்ளே போவாள், வருவாள். ஒருமுறை வந்தவள் எங்கள் எதிரே நின்று, "உள்ள நிக்கிறாரே, பரீட்சை ஆபீசர் நெவில் கார்சைட், அவரு என்னைய மூணு தடவ ஃபெயில் பண்ணுனாரு" என்றாள்.

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். எனக்கு எங்கே பார்ப்பது என்று தெரியவில்லை.

"மூணு தடவையும் ஏன்னு உக்கார வச்சுச் சொன்னாரு. மூணு தடவையும் அவரு சொன்னது சரி" என்றாள். "நாலாவது தடவ பாஸ் போட்டாரு. இருபத்தாறு வருஷமா ஓட்டுறேன், ஒரு கீறல் இல்ல. இப்ப உள்ள அந்த வக்கீல் லைசென்ஸப் பத்திக் குடைஞ்சாரு பாருங்க, மனுஷன் மழுப்பவே இல்ல. கூடாதுன்னு நேராச் சொன்னாரு."

பிறகு என் கோட்டில் குத்தியிருந்த சாட்சிச் சீட்டைப் பார்த்தாள். "நீங்க அவருக்கு என்ன வேணும்?"

"எங்க அண்ணன்" என்றேன்.

மெதுவாகச் சொல்லத்தான் நினைத்தேன். வராந்தா முழுக்கக் கேட்கும்படி வந்துவிட்டது. மாடிப்படியில் ஏறிக்கொண்டிருந்த இரண்டு வக்கீல்கள் நின்று திரும்பிப் பார்த்தார்கள்.

ரோவீனா